தலையணைக்குள் ஒரு வானிலை

கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) மாரிகுப்பத்தில் மார்ச் மாதம் துணி துவைப்பவர்களுக்குப் பொற்காலம். காலையில் பிழிந்து கொடியில் போட்ட போர்வை, மதியச் சமையல் முடிவதற்குள் மொடமொடவென்று காய்ந்து நிற்கும். அதே வாளியில் முக்கி, அதே சோப்பில் கசக்கிய தலையணையைச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தகரக் கூரைமேல் போட்டால் சாயங்காலம் அதுவும் தொட்டால் சுடுகிறது, தட்டினால் தூசி பறக்காமல் சுத்தமாக இருக்கிறது. உறை மாட்டிப் படுத்துவிடுகிறோம். மூன்றாம் நாள் ராத்திரி முகத்தைத் திருப்பிப் புதைத்தால் மக்கின வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி வெயிலில் போடுகிறோம். வாடை போகிறது, திரும்ப வருகிறது.

வாளி, சோப்பு, வெயில் எல்லாம் ஒன்றுதான். போர்வை தப்பித்தது எப்படி, தலையணை மாட்டிக்கொண்டது எப்படி? தண்ணீர்மேல் பழி போடலாம். கோலார் மாவட்டத்து போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதன் குற்றங்கள் தனி, பிறகு வருகிறேன். இந்த வாடைக்கு அது காரணமில்லை. காரணம் வடிவத்தில் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒற்றைப் போர்வை கையால் பிழிந்தபின் அரை லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும் என்று கொள்ளுங்கள். விரித்துப் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு சதுர மீட்டருக்கு மேல் காற்றுப் படும் பரப்பு அதற்கு உண்டு. ஒரு கிலோ பஞ்சு அடைத்த தலையணையை எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றரை லிட்டர் உள்ளே தங்கிவிடும். அதற்குக் காற்றுப் படும் பரப்போ அரை சதுர மீட்டர்தான். ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் வெளியேற வேண்டிய தண்ணீரை ஒப்பிட்டால், போர்வையைவிடத் தலையணைக்குச் சுமார் 40 மடங்கு வேலை. அந்த வேலைக்கு வேண்டிய வெப்பமும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கப் பிடிக்கும் வெப்பத்தில் ஏழெட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். தலையணையின் மேல்பக்கத்தில் விழும் வெயிலில் பாதியைத் துணி பிடித்துக்கொள்கிறது என்று வைத்தாலும், ஒன்றரை லிட்டருக்கு ஒரு முழுப் பகல் தேவைப்படுகிறது. அதுவும் எந்தத் தடங்கலும் இல்லையென்றால்.

தடங்கல் இருக்கிறது. முதலில் காய்வது மேல் அடுக்கு. காய்ந்த பஞ்சில் பெரும்பகுதி அசையாத காற்று. அசையாத காற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் திறமை மிகக் குறைவு. எனவே மேல் அடுக்கு காய்ந்த நிமிஷத்திலிருந்து அதுவே உள்ளே இருக்கும் ஈரத்துக்குக் காவலாகிவிடுகிறது. வெளியிலிருந்து சூடு உள்ளே போவதையும் உள்ளிருந்து ஆவி வெளியே வருவதையும் ஒருசேரத் தடுக்கிறது. நாம் கை வைத்துப் பார்ப்பது இந்தக் காய்ந்த அடுக்கைத்தான்.

இதைவிட விசித்திரம் நடுவில் நடப்பது. உச்சி வெயிலில் கிடக்கும் ஈரத் தலையணையின் உள்பகுதி சூடாவதே இல்லை. ஈரம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி நிழலில் காற்றாட வைத்தால் அது காற்றின் வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். மார்ச் மதியம் காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்தால் ஈரக்குமிழ் 21 டிகிரியை ஒட்டி நிற்கும். தலையணையின் நடுவுக்கு மேலிருந்து கொஞ்சம் சூடு கசிந்து வரும், எனவே இதைவிடச் சற்று அதிகம் இருக்கலாம். ஆனாலும் அங்கே ஈரம் மிச்சமிருக்கும்வரை வெயிலின் கொதிப்பு எட்டாது. கூரைத் தகரத்தில் கை வைக்க முடியாத அதே நேரத்தில், அதன்மேல் கிடக்கும் தலையணைக்குள் இதமான, இருண்ட, ஈரமான ஒரு மழைக்காலம்.

ஈரக்குமிழின் மகிமையைப் புரிந்துகொள்ள கே.ஜி.எஃப்.காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்படும் வரை இந்த ஊரின் பிழைப்பே பூமிக்குள் காற்றை அனுப்புவதைச் சார்ந்திருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அங்கே ஆளைச் சாய்ப்பது வெறும் சூடு மட்டுமல்ல. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது. இதை அளந்து சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களின் வெக்கையில் தானே இறங்கி, சூடான அறைகளுக்குள் தானே உட்கார்ந்து பார்த்து, 1905இல் அவர் எழுதியது இது: சாதா வெப்பமானி எவ்வளவு காட்டினாலும் பரவாயில்லை, காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால் சும்மா இருக்கும் ஆளுக்கே உடல் வெப்பம் ஏறத் தொடங்கும். (பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இவர் மகன்.) அந்தக் கார்ன்வாலிலிருந்துதான் மேஸ்திரிகளும் இன்ஜினியர்களும் கோலாருக்கு வந்தார்கள்.

ஈரத் தலையணையின் நடுப்பகுதி, காற்றோட்டம் நின்றுபோன ஆழமான சுரங்கம் மாதிரிதான். அங்கே இழைகளுக்கு இடையிலுள்ள காற்று தன்னால் முடிந்த அளவு ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது. புதுக் காற்று வர வழியில்லை. எனவே மேற்கொண்டு ஆவியாவது மிக மெதுவாகிவிடுகிறது. மேலே வெயில் எவ்வளவு அடித்தால் என்ன, ஷாஃப்டுக்குள் விசிறி ஓடாவிட்டால் கீழே நிலைமை மாறாது.

அந்த இடத்தில் குடியேறுவது யார்? 2005இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இருபது வருஷம் வரை உபயோகித்த பத்துத் தலையணைகளை வாங்கி, உள்ளிருப்பதை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் நான்கு முதல் பதினாறு வகைப் பூஞ்சைகள். அடிக்கடி கண்ணில் பட்டது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேடஸ்; நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலில் வேரூன்றக் கூடியது. இதில் பலர் எதிர்பார்க்காத சங்கதி, பறவை இறகு அடைத்தவற்றைவிடச் செயற்கை இழைத் தலையணைகளில்தான் வகைகள் அதிகம் இருந்தன. பத்துத் தலையணைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ‘பஞ்சுதான் பூசணம் பிடிக்கும், ஃபைபர் பிடிக்காது’ என்ற கடைக்காரர் பேச்சை நம்பவேண்டாம் என்பதற்கு அது போதும்.

வாடைக்குப் பூஞ்சை மட்டும் பொறுப்பல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் வீட்டுக்குள் காயப்போட்ட துணிகளின் ஈர நாற்றத்தைப் பிரித்துப் பார்த்து, 2012இல் ஒரு பாக்டீரியாவைக் கைகாட்டினார்கள். பெயர் மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ். நம் தோலில் சகஜமாக வாழ்வது. துவைத்தபிறகும் துணியில் ஒட்டியிருக்கும் தோல் எண்ணெயைத் தின்று, நாறும் ஓர் அமிலத்தைக் கக்குகிறது. அது உலர்ந்துபோனாலும் சாவதில்லை, புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்குகிறது. மூன்றாம் நாள் வாடை போய்ப்போய்த் திரும்பி வரும் மர்மம் இதில் பாதி அவிழ்கிறது. வெயில் வாடையை விரட்டுகிறது. வாடை கொடுப்பவர் ஈரத்துக்குக் காத்துக் கிடக்கிறார்.

லைன் வீடுகளில் பெரியவர்கள் பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை என்று இப்போது தெரிகிறது. உறையைத் துவைப்பார்கள், தலையணையைக் காய வைப்பார்கள். இந்த ஏற்பாட்டில் இழையின் குணமும் சேர்ந்திருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்ட நாடா. நனைந்து, கசக்கப்பட்டு, நகர்ந்து காயும்போது ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும். கட்டிக்குள் காற்று கம்மி, அடுத்த தடவை இன்னும் மெதுவாகக் காயும். இலவம் பஞ்சின் கதை வேறு. அது உள்ளே வெற்றிடமுள்ள நுண்குழாய். சுவர் மெல்லியது, மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் தண்ணீர் ஒட்டாமல் மிதக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாலுமிகளின் உயிர்காப்பு உடைகளில் இதை அடைத்தார்கள். ஆனால் சோப்புத் தண்ணீருக்கு மெழுகு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே புகுந்து குழாயை நிரப்பி, காயும்போது தட்டையாக்கிவிடும். இலவம் பஞ்சில் முறுக்கு கிடையாது, மடங்கினது மடங்கினதுதான். ஒரு தடவை சோப்பில் ஊறிய இலவம் தலையணை பழையபடி எழும்பாது.

பாலியெஸ்டர் ஃபைபர் தலையணையைத் தாராளமாகத் துவைக்கலாம். அந்த இழை தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட உள்ளே இழுக்காது. தண்ணீர் இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும். வாஷிங் மெஷினில் இரண்டு தலையணையை எதிரெதிராகப் போட்டுச் சுழற்றிப் பிழிந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஃபோம், ரப்பர் தலையணைகளுக்கு வெயில் ஆகாது. ரப்பர் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து நொறுங்கும், ஃபோம் மஞ்சளாகித் தூளாகும். அவற்றை நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

துவைக்காத தலையணையை வெயிலில் வைப்பதால் என்ன பயன்? இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனக்காரர் வருகிறார். வீட்டுத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு என்ன காரணம் என்று டாக்டர்கள் பல காலம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மா தம்பதியும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். தூசியே விஷமல்ல, தூசியில் வாழும் எட்டுக்கால் உயிர் ஒன்றுதான் காரணம். தூசிச் சிற்றுண்ணி என்று சொல்லலாம். நீளம் கால் மில்லிமீட்டர், சாப்பாடு நம் தோலிலிருந்து உதிரும் செதிள். 1981இல் டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் இன்னும் நெருங்கிப் போனார்கள். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதத்தில் ஆகப் பெரும்பங்கு இருப்பது சிற்றுண்ணியின் உடம்பில் அல்ல, அது நாளைக்கு இருபது தடவை போடும் எச்ச உருண்டைகளில். உருண்டையின் அளவு 10 முதல் 40 மைக்ரான். அதாவது சாதாரண மகரந்தத் துகள் அளவு. படுக்கையை உதறும்போது எழும்பும், சில நிமிஷங்களில் இறங்கிவிடும்.

ஒரு கதையை இங்கே கழித்துவிட வேண்டும். பத்து வருஷத்தில் மெத்தையின் எடை இரட்டிப்பாகும், கூடிய பாதி முழுக்கச் சிற்றுண்ணி என்று மெத்தை விற்பவர்கள் சொல்வதுண்டு. ஒரு சிற்றுண்ணியின் எடை அதிகம் போனால் 10 மைக்ரோகிராம். ஒரு கிராம் சேர்க்க ஒரு லட்சம் வேண்டும். ஒரு கிராம் தூசியில் 500 இருந்தாலே ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்தான அளவு என்று 1980களின் கடைசியில் நிபுணர்கள் கூடி வரையறுத்தார்கள். அந்த 500இன் எடை 5 மில்லிகிராம், தூசியில் அரை சதவீதம். பயமுறுத்தி மெத்தை விற்கலாம், கணக்கு ஒத்துழைக்காது.

சிற்றுண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது தண்ணீர் குடிப்பதில்லை. அமெரிக்காவில் லாரி ஆர்லியன் போன்றவர்கள் சிற்றுண்ணிகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்து எடை பார்த்தே இதைக் கண்டுபிடித்தார்கள். முன்னங்கால் பக்கத்திலுள்ள சுரப்பி ஓர் உப்புக் கரைசலைக் கசியவிடுகிறது; உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வாய்க்குக் கொண்டு வருகிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் உப்பு உறைந்துவிடும், பிராணி வற்றிச் சாகும். கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே, கடலிலிருந்து தள்ளியிருக்கும் மாரிகுப்பத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பகல் காற்று இதைவிட வறண்டது. சென்னைக்குக் கிடைக்காத வரம். ஆனால் ராத்திரி நாம் அதைக் கெடுக்கிறோம். மூச்சிலும் தோலிலும் ஒரு ராத்திரிக்குக் கால் லிட்டர் தண்ணீரை விடுகிறோம். அதில் ஒரு பங்கைத் தலையணை வாங்கிக்கொள்கிறது. பருத்தி அதற்கென்றே பிறந்த இழை. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கிலோ பஞ்சு எழுபது எண்பது கிராம் தண்ணீரை மறைத்து வைத்திருக்கும், தொட்டால் காய்ந்த பஞ்சுதான். வெயிலில் போட்டால் அதில் பெரும்பங்கு போய்விடும். வெயில் காட்டிய தலையணை புஸ்ஸென்று எழும்புவதும் இதனால்தான்: ஈரம் இழையை இளக்கி மடிய வைக்கிறது, ஈரம் போனால் இழை விறைத்து நிமிர்கிறது.

வெறும் வறட்சியைவிட வேகமானது சூடு. 1994இல் சிட்னியில் அதே டோவியும் ஆன் வூல்காக்கும் தரை விரிப்புகளை வெயிலில் காட்டி எண்ணிப் பார்த்தார்கள். விரிப்பின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது, உள்ளிருந்த ஈரப்பதம் வெகுவாக இறங்கியது. ஒரு சிற்றுண்ணிகூட உயிரோடு இல்லை. தகரக் கூரை இதைவிட வசதியானது, கீழிருந்தும் சுடும். பழைய வேட்டியை விரித்து அதன்மேல் உலர்ந்த தலையணையைப் பதினோரு மணிக்கு வைத்து, ஒரு மணிக்குத் திருப்பிப் போட்டு, மூன்று மணிக்கு எடுக்கலாம். திருப்பிப் போடுவது சம்பிரதாயமில்லை. பஞ்சு வெப்பத்தைக் கடத்தாது என்பதால் ஒரு பக்கச் சூடு மறுபக்கம் போய்ச் சேராது. சிற்றுண்ணி நிழலான பக்கத்துக்கு நடந்துவிடும். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிற வீடுகளில் இதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் கதி. பரவாயில்லை, மாதத்தில் ஒரு ஞாயிறு போதும்.

செத்த சிற்றுண்ணியும் அதன் எச்சமும் அங்கேயே கிடக்கின்றன. புரதம் வெயிலில் அழிவதில்லை. ஆகவே தட்ட வேண்டும். தட்டும்போதுதான் கே.ஜி.எஃப்.இன் சொந்தத் தூசி நினைவுக்கு வருகிறது.

ஊரைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாக நிற்கும் சயனைடு மேடுகளைச் சினிமாவில் பாலைவனமாகப் பார்த்திருப்பீர்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கை, மூன்று கோடி டன்னுக்கும் மேல். சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடக் கூடியது. சிதையாமல் நிற்பது குவார்ட்ஸ் தூள். காற்று அடிக்கும் நாளில் ஜன்னல் விளிம்பில், பாத்திரத்தில், தலையணை உறையின் தையலில் விரலால் வழித்தெடுக்கலாம். இதில் இரண்டு ரகம் இருக்கிறது. மூக்குக்கு இரண்டும் ஒன்றல்ல. 10 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் நம் மார்பு உயரத்திலிருந்து, காற்று அசையாத அறையில், மூன்று நிமிஷத்தில் தரைக்கு வந்துவிடும். மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். ஒரு மைக்ரான் துகள் அதே உயரம் இறங்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அறையில் இருப்பவர்கள் ஆயிரக்கணக்கான தடவை மூச்சு விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசி பயமுறுத்துகிறது. தெரியாததுதான் நுரையீரலின் அடி வரை போகிறது. 1940களில் இங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. பல வருஷம் பாறை துளைத்தவர்களின் நிலை அது. தலையணை தட்டுவதை அதற்குச் சமமாக வைத்துக் கலவரப்படுவது அபத்தம். ஆனால் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தட்டுவதும் அபத்தம்தான். வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூக்கில் ஈரத் துணி கட்டித் தட்டுங்கள். மேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் காயப்போடவே வேண்டாம்.

உறைக்கு வருவோம். தமிழர் தலையணை உறையில் இரண்டு எண்ணெய்கள் சேர்கின்றன: நாம் தடவிய தேங்காயெண்ணெய், நம் தோல் சுரந்த எண்ணெய். தேங்காயெண்ணெய் காரத்துக்கு மசியும். வண்ணார்கள் உவர்மண்ணைக் கரைத்து அதில் துணியை முக்கி வெள்ளாவி வைத்ததன் ரசாயனம் இதுதான். உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். காரமும் எண்ணெயும் சூட்டில் சேர்ந்தால் சோப்பு. துணியின் அழுக்கே துணிக்குச் சவுக்காரமாகிவிடுகிறது. ராத்திரி முழுக்க அடுப்பின்மேல் மூட்டைக்குள் ஏறும் நீராவி சிற்றுண்ணி, மூட்டைப்பூச்சி முட்டை, அந்த ஜப்பானியர் கைகாட்டிய பாக்டீரியா எதையும் விட்டுவைக்காது. கிருமி என்ற பேச்சே பிறக்குமுன் இவ்வளவும் ஒரே அடுப்பில் நடந்தது. அந்தக் கைத்தொழிலுக்குச் சாதிப் பட்டம் கட்டி ஒதுக்கினோமே தவிர, அதன் அறிவைப் பாடப் புத்தகத்தில் சேர்க்கவில்லை.

உவர்மண்ணுக்கு இன்னொரு வேலையும் தெரியும். போர் தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து நுரைக்காமல் பிசுக்காகித் துணியில் படியும். வெள்ளை உறை நாலு மாதத்தில் சாம்பல் நிறமாவது இதனால். சோடியம் கார்பனேட் அந்தக் கால்சியத்தை முன்கூட்டியே சுண்ணாம்பாக அடியில் படிய வைத்துவிடுகிறது. இன்று உவர்மண் தேடி அலைய வேண்டாம், மளிகைக் கடையில் வாஷிங் சோடா கிடைக்கும். வாளிக்கு ஒரு கைப்பிடி, சோப்புக்கு முன்னால். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். 55க்கு மேல் சிற்றுண்ணி பிழைக்காது. பச்சைத் தண்ணீரில் அலசினாலும் ஒவ்வாமைப் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும், பிராணிதான் பிழைத்துக்கொள்ளும்.

தோல் எண்ணெய் அவ்வளவு எளிதில் மசியாது. அதில் சுமார் எட்டில் ஒரு பங்கு ஸ்குவாலீன். காரம் தொட்டாலும் சோப்பாக மாறாத ரகம். காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லக் கெட்டிப்பட்டு மஞ்சளாகும். புதிதாக இருக்கும்போது சோப்புக்கு வரும், பழகிப்போனால் வராது. அதனால் உறையை மாதம் ஒரு தடவை வெந்நீரில் போட்டு அடித்துத் துவைப்பதைவிட, வாரம் ஒரு தடவை சும்மா அலசுவது மேல்.

ஏற்கெனவே துவைத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: தையலைப் பிரியுங்கள். பஞ்சை வெளியே எடுத்து ஜமக்காளத்தில் பரப்பி, கட்டிகளைக் கையால் பிய்த்துவிட்டு, பறக்காமல் மேலே பழைய புடவையைப் போடுங்கள். அரை சதுர மீட்டராக இருந்த பரப்பு பல மடங்காகிறது, மார்ச் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிறகு பஞ்சு அரைக்கும் கடையில் கொடுத்துத் திரும்ப அடைத்து வாங்கலாம். காய்ந்ததா என்று கையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். எடை குறைவது நிற்கும்வரை அது ஈரம். ஃபைபர் தலையணைக்கும் இதே சோதனைதான்.

கம்பளியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டிசம்பரில் இந்த மேட்டு நிலத்துக் குளிருக்குக் குறும்பர்கள் நெய்த கறுப்புக் கம்பளி இன்னும் சில வீடுகளில் வெளியே வரும். ஆட்டு ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. அதன் இழையில் மேல்நோக்கிய செதிள்கள் உண்டு. வெந்நீரிலோ கசக்கலிலோ அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகும், திரும்ப நீளாது. நெய்யும்போது பாவுக்குக் கொடுத்த புளியங்கொட்டைக் கஞ்சியும் தண்ணீரில் போய்விடும். பூந்திக்கொட்டையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நுரையில் அமுக்கி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் தரையில் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர் முடிந்து பெட்டியில் வைக்குமுன் செய்தால் சரி. அந்துப்பூச்சிப் புழு சுத்தமான ரோமத்தைவிட வியர்வை பட்ட ரோமத்தைத்தான் விரும்பித் தின்னும். பழைய கம்பளிகளை விரித்துப் பாருங்கள், ஓட்டை பெரும்பாலும் தலைமாட்டுப் பக்கம்தான் இருக்கும்.